பனிவெளியில் ஒரு சாட்சியம்

1976 மார்ச் 13ஆம் நாள். மாஸ்கோ நகரின் இஸ்மாயிலோவோப் பகுதியில், பனி மூடிய திறந்தவெளி ஒன்றின் ஓரத்தில், அழைப்புப் பெற்று வந்த சுமார் முப்பது பேர் காத்து நிற்கின்றனர். சிறிது நேரத்தில் எதிர்ப்புறத்துக் காட்டிலிருந்து இருவர் வெளிப்படுகின்றனர். பனியைக் கடந்து வந்து, நின்றோர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாளைக் கொடுக்கின்றனர். 'தோற்றம்' என்னும் நிகழ்வில் இவர் நேரில் இருந்தார் என்பதற்கான அத்தாட்சி அது. நிகழ்ச்சி அவ்வளவே.

இதுவும் கலையா என்று வாசகர் கேட்பர். முதலில் நானும் அப்படித்தான் கேட்டேன். ஆயின், அவ்விளைஞர்கள் பனிவெளியைத் தேடிப் போன காலத்தை மறந்துவிட்டு விடை சொல்ல முடியாது. அரசு ஒப்பாத ஓவியர்கள் 1974 செப்டம்பர் 15ஆம் நாள் மாஸ்கோவின் பெல்யாயெவோவில் திறந்தவெளியில் கண்காட்சி வைத்தபோது, புல்டோசர்கள் ஏவப்பட்டு அது குலைக்கப்பட்டது. ஓவியத்தை நசுக்கலாம், ஒருவர் நடந்து வந்ததை எதைக் கொண்டு நசுக்குவது? ஆந்திரேய் மொனாஸ்திர்ஸ்கியும் அவர்தம் தோழர்களும் அமைத்த குழுவுக்குக் 'கூட்டுச் செயல்கள்' என்று பெயர். அவர்கள் அரசை எதிர்த்து முழக்கமிட்டவர்கள் அல்லர். 1977 ஜனவரியில் மரங்களுக்கிடையே சிவப்புத் துணியில் வாசகம் எழுதிக் கட்டினர்; அதிலும் தமக்கு எவ்விதக் குறையும் இல்லை என்றே அறிவித்தனர். குறையில்லை என்பதை ஆளில்லாக் காட்டுக்கு அறிவித்ததில் உள்ள நகைப்பை நாமே உணர்ந்துகொள்ள வேண்டும்.

இவர்களின் ஆக்கங்களுள் என்னைப் பெரிதும் நிறுத்தியது 1981 பிப்ரவரி 1ஆம் நாள் நிகழ்ந்த 'பத்துத் தோற்றங்கள்.' இடம் மாஸ்கோவுக்கு வெளியே உள்ள கீயெவோகோர்ஸ்கோயே வெளி. நடுவே பனியின்மீது ஒரு பலகை, அதில் நூற்கண்டுகள். பத்துப் பேர் ஆளுக்கொரு நூல்முனையைப் பற்றிப் பத்துத் திசைகளில் காட்டை நோக்கி நடக்க வேண்டும். ஆழ்ந்த பனியில் கால் புதையப் புதைய நடந்து, வெளி கண்ணுக்கு மறையும் வரை காட்டினுள் சென்று, பின் நூலை இழுக்க வேண்டும். இருநூறு முந்நூறு மீட்டர் நூல் இழுபட்டு வந்தபின் மறுமுனையில் ஒரு துண்டுத்தாள். அதில் நடத்துவோரின் பெயர், இடம், நாள். அதற்கு மேல் கட்டளை ஏதுமில்லை. திரும்புவதும் திரும்பாததும் அவரவர் விருப்பம்.

எட்டுப் பேர் திரும்பினர். அவர்களுக்குத் தத்தம் பெயர் பொறித்த புகைப்படங்கள் வழங்கப்பட்டன. காட்டிலிருந்து வெளிப்படும் ஓர் உருவம் தொலைவில், முகம் தெரியாத அளவில் காணப்படுகிறது. ஆனால் அப்படம் எடுக்கப்பட்டதோ ஒரு வாரத்திற்கு முன்னர்!

இங்கேதான் நான் மாறுபடுகிறேன். அரபு மொழியில் 'ஷஹித' என்னும் வினைக்கு நேரில் இருத்தல், கண்டதற்குச் சாட்சி பகர்தல் என்னும் இரு பொருளும் உண்டு. இருந்தவனே சாட்சியாக முடியும். 1976இன் தாளும் முன்கூட்டியே எழுதப்பட்டதுதான்; எனினும் அது கைக்கு வருமுன் அதன் கூற்று மெய்யாகிவிட்டது. 1981இன் படம் அத்தகையதன்று. வேறொருவர் உருவத்தின்கீழ் இவர் பெயர். ஒரு மனிதனைத் தாள் எப்படி ஆக்குகிறது என்பதை எள்ளிக் காட்டவே அவ்வாறு செய்தனர் என வாதிக்கலாம். காகிதத்தால் ஆண்ட நாட்டில் அவ்வெள்ளலுக்கு வலிமையும் உண்டு. என்றாலும் உறைபனியில் அத்தனை தொலைவு நடந்து மீண்டவனுக்கு, அவனுடைய தோற்றத்தைத்தானே தந்திருக்க வேண்டும்? அந்த நூல் மெய், படம் தந்திரம்.

இன்னொன்று. ஒவ்வொரு நிகழ்வுக்கும் விவரணை, பங்குகொண்டோர் கூற்று, அதன்மீது விளக்கம் எனச் சேர்த்து 'ஊருக்கு வெளியே பயணங்கள்' என்னும் தொகுதிகளாக்கினர். முதல் ஐந்தும் 1998இல் மாஸ்கோவில் நூலாயின. மூலத்தைவிட உரையும், உரையைவிட ஓரத்து ஹாஷியாவும் பெருப்பதை மதரஸாவில் ஓதியோர் அறிவர். 2011இல் வெனிஸ் இருபதாண்டுக்கு... அன்று, ஈராண்டுக்கு ஒருமுறை கூடும் வெனிஸ் கலைவிழாவில் ரஷ்ய மண்டபமே இவர்களுக்கு ஒதுக்கப்பட்டது. அங்கே பனியில்லை, ஆவணங்கள் இருந்தன.

திரும்பாத அந்த இருவரை நான் அடிக்கடி எண்ணுகிறேன். துண்டுத்தாளைப் படித்துவிட்டு, வந்த திசைக்கு முதுகு காட்டி, அவர்கள் காட்டினூடே போய்விட்டனர். படத்துக்காக அவர்கள் காத்திருக்கவில்லை.