மூட்டுக்குள் போகாத தூள்

வீட்டு வாசலில் உட்கார்ந்து என் பழைய ஹெர்குலிஸ் சைக்கிள் பிரேமைத் தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் தேய்த்தேன். சர்ரக், சர்ரக். கறுப்புக்குக் கீழே பச்சை, அதற்கும் கீழே ஒரு மங்கிய மெரூன். யார் யாரோ ஆசைப்பட்ட நிறங்கள். கை ஓய்ந்ததும் ஓசூர் சிப்காட் பக்கம் ஒரு பவுடர் கோட்டிங் பட்டறைக்குத் தூக்கிப் போனேன். வண்டி உதிரிபாகங்களின் வரிசையில், கொக்கியில், இதுவும் தொங்கியது, கல்யாணத்துக்கு அழைக்காமல் வந்த ஆள் மாதிரி.

பெடல் அச்சுத் துளையின் மரைகளில் ரப்பர் மூடி செருகிவிட்டுத் தூள் தெளிக்கும் துப்பாக்கியை எடுத்தார் பட்டறைப் பெரியவர். மின்னேறிய தூள் இரும்பைத் தேடிப் போய் மாவு போல ஒட்டுகிறது. ஆனால் குழாய்கள் சேரும் மூட்டின் இடுக்குக்குள் மட்டும் போக மறுக்கும். அவர் முதலில் அங்கேதான் போனார். மின்னழுத்தத்தைக் குறைத்து, குழந்தைக்கு மருந்து புகட்டுவது போலக் கொஞ்சம் கொஞ்சமாக. நீளக் குழாய்களுக்கு இரண்டே வீச்சு. 200 டிகிரி அடுப்பில் வெந்து வெளியே வந்தபோது நாவல்பழக் கறுப்பு. விரல் தானாக நீண்டது.

"ஸ்வல்ப இருங்க சார், சூடு!"