விழாக்கால நகைச்சுவைப் படத்தின் இரண்டாம் பாகம்: ‘ஜப்பானில் கல்யாணராமன்’ – நடிகர்களும் மரபும்

முன்னுரை

பிரிந்தவர் வீடு திரும்புவதே விழாக்காலத்தின் உட்பொருள். நார்த்தாமலை முத்துமாரியம்மன் கோயில் திருவிழாவிற்கு வெளியூர் சென்றோர் ஊர் திரும்புவதும், தீபாவளியையொட்டி இறந்தோர்க்குப் புத்தாடை வைத்துப் படைக்கும் குடும்ப வழக்கமும் இதனை உணர்த்துவன. விழாநாளில் வெளியாகும் குடும்ப நகைச்சுவைப் படங்களும் இவ்வுணர்வைச் சார்ந்தே நிற்கின்றன. அத்தகைய படம் இரண்டாம் பாகமாகும்போது யாரைத் தக்கவைத்துக்கொள்கிறது, யாரை விட்டுவிடுகிறது என்பதை, 1985 தீபாவளிக்கு வெளியான ‘ஜப்பானில் கல்யாணராமன்’ வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

இருவேடமும் இரண்டாம் பாகமும்

‘கல்யாணராமன்’ (1979) ஜி. என். ரங்கராஜன் இயக்கத்தில், பஞ்சு அருணாசலத்தின் எழுத்தில் உருவானது. எத்துப்பல்லும் வெள்ளையுள்ளமும் கொண்ட கல்யாணம் கொல்லப்படுகிறான். அவனது ஆவி உடன்பிறந்தான் ராமனுக்குத் துணைநிற்கிறது. இருவராகவும் கமல்ஹாசன் நடித்தார். இங்கு ஆவி அச்சுறுத்தும் அயலான் அன்று. வீடு திரும்பிய உறவு. படத்தின் சிரிப்பிற்கு அடியில் ஓர் இழப்பு இருப்பதே அதன் வலிமை.

இரண்டாம் பாகத்தை எஸ். பி. முத்துராமன் இயக்கினார். எழுத்தும் இளையராஜாவின் இசையும் தொடர்ந்தன. நாயகி ஸ்ரீதேவியின் இடத்தில் ராதா வந்தார். சத்யராஜ், கவுண்டமணி ஆகியோர் இணைந்தனர். கதைக்களம் ஜப்பானுக்கு மாறியது. நாயகி மாறியும் களம் மாறியும் படம் தொடர்ச்சியுடையதாகத் தோன்றுவதற்குக் காரணம் இருவேடமே. அண்ணனும் தம்பியும் ஒரே நடிகரின் உடலில் இருப்பதால், அவர் இருக்குமளவும் குடும்பமும் இருப்பதாகப் பார்வையாளர் ஏற்றுக்கொள்கின்றனர். இந்த வசதியே படத்தின் குறையுமாகிறது. கல்யாணத்தின் வெகுளித்தனம் முதற்படத்தில் அவனைச் சூழ்ந்த மனிதர்களின் பேராசைக்கு எதிராக நின்று பொருள்பெற்றது. அச்சூழல் நீங்கியபின் அது வித்தைக்குரிய கருவியாகச் சுருங்குகிறது. முதற்படம் பெற்ற வரவேற்பை இரண்டாவது பெறாமைக்கு இதனையும் ஒரு காரணமாகக் கொள்ளலாம்.

ஹாலிவுட் ஒப்பீடு

கிறிஸ் கொலம்பஸ் இயக்கிய ‘ஹோம் அலோன் 2’ (1992) கிறிஸ்துமஸ் காலக் குடும்ப நகைச்சுவை. அதுவும் களத்தை நியூயார்க்கிற்கு மாற்றுகிறது. ஆயினும் சிறுவனாக மெக்காலே கல்கின், தாயாக கேத்தரின் ஓ’ஹாரா, திருடர்களாக ஜோ பெஸ்கி, டேனியல் ஸ்டெர்ன் என முதற்படத்தின் முதன்மை நடிகர்கள் அனைவரும் திரும்புகின்றனர். நிகழ்ச்சிகள் பெரும்பாலும் கூறியது கூறலே எனினும், தாயும் மகனும் கிறிஸ்துமஸ் மரத்தின்கீழ் சந்திக்கும் காட்சி நெகிழ்விக்கிறது. தேடிவரும் தாய், பார்வையாளர் முன்னரே அறிந்த தாய் என்பதே அதற்குக் காரணம்.

பின்வந்த மரபு

ஆவியும் நகைச்சுவையும் கலந்த தொடர்படங்கள் தமிழில் பின்னர் பெருகின. ராகவா லாரன்ஸின் ‘முனி’ (2007), ‘காஞ்சனா’ (2011) ஆகியவற்றில் ஆவி உறவினர் அன்று. அநீதிக்கு ஆளான அயலார். ஆவி அயலாகியபோது வீட்டின் இயல்பான கலகலப்பைச் சுமக்கும் பொறுப்பு துணைநடிகரைச் சேர்ந்தது. கோவை சரளா, தேவதர்ஷினி, ஸ்ரீமன் ஆகியோர் ‘காஞ்சனா’விலும் ‘காஞ்சனா 3’ (2019) படத்திலும் இடம்பெற்றமை இதனை மெய்ப்பிக்கும். கதை தொடராவிடினும் குடும்பம் தொடர்கிறது. மாறாக, ‘கலகலப்பு 2’ (2018) புதிய கதையையும் புதிய பாத்திரங்களையும் கொண்டது; அங்குத் தொடர்வன பெயரும் இயக்குநர் சுந்தர். சி.யின் பாணியுமே.

முடிவுரை

‘ஜப்பானில் கல்யாணராமன்’ குடும்பத்தை ஒரே நாயகனுக்குள் அடக்க முயன்றது. அம்முயற்சியின் எல்லையையும் அதுவே காட்டிற்று. தமிழ்த் தொடர்படங்களை நாயகரின் வெற்றி தோல்விக் கணக்காக மட்டும் மதிப்பிடும் போக்கு, கோவை சரளா போன்றோரின் பங்கை மறைத்துவிடுகிறது. விழாநாளில் திரையரங்கிற்கு வரும் குடும்பம் திரையில் தேடுவதும் ஒரு குடும்பத்தையே. எனவே துணைநடிகர்களின் தொடர்ச்சியை முதன்மைத் தரவாகக் கொண்டு இவ்வகைப் படங்களை ஆராய்தல் வேண்டும்.