வடிவமைப்பு இல்லாத வடிவமைப்புப் பாடம்

சென்ற வருடக் கடைசியில் எங்கள் பகுதிப் பாடசாலையொன்றின் கண்காட்சிக்குப் போயிருந்தேன். தொழினுட்பப் பாடத்துக்கு ஒதுக்கிய வகுப்பறையில் 14 ஸ்டூல்கள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. எல்லாம் ஒரே உயரம், ஒரே வார்னிஷ், ஒரே மாதிரிக் கால். பக்கத்தில் நின்ற பொடியனிடம் கேட்டேன்: "மகன், இத ஏன் இந்த உயரத்துக்குச் செஞ்ச?" அவன் கூட்டாளியின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "ஓடாவி அப்பிடித்தான் செஞ்சு தந்த சேர்."

"யாருக்குச் செஞ்ச?"

"கண்காட்சிக்கு."

பிள்ளை உண்மையைத்தான் சொன்னான், அவனில் குற்றமில்லை. ஆசிரியரும் தலையைக் குனிந்து சிரித்தார். அவரையும் நான் குறை சொல்லவில்லை. அவருக்குக் கிடைத்திருந்தது இரண்டு வாளும் பிடி கழன்ற ஒரு சுத்தியலும்தான். ஆனால் அந்தப் பதில் என்னை வீடுவரை விடவில்லை. இருபத்தேழு வருடம் இந்தப் பாடங்களோடு மாரடித்தவன் என்ற முறையில் சில விடயங்களை ஒளிவுமறைவின்றி எழுத வேண்டியிருக்கிறது.

எங்கள் கலைத்திட்டத்தில் க.பொ.த. சாதாரண தரத்துக்கு இத்துறையில் மூன்று பாடங்கள் உள்ளன. ஒன்று கட்டுமானம் சார்ந்தது, ஒன்று இயந்திரம் சார்ந்தது, மற்றது மின், இலத்திரனியல் சார்ந்தது. மூன்றின் பெயரும் 'வடிவமைப்பு' என்ற சொல்லோடுதான் தொடங்குகிறது. பழைய மரவேலை, உலோகவேலைப் பாடங்களிலிருந்து இவற்றைப் பிரித்துக்காட்டும் சொல் அதுதான். சொன்னபடி செய்வது வேலை. யாருக்கு, எதற்கு, எந்த அளவில், எந்தப் பொருளில் என்று கேட்டு, கடதாசியில் கீறிப் பார்த்து, பிழைத்தால் மாற்றிச் செய்வது வடிவமைப்பு. நான் பார்த்த பெரும்பாலான வகுப்புகளில் இந்த இரண்டாவது பகுதி நடப்பதேயில்லை.

அதற்குப் பதிலாக நடப்பது ஒரு மனனப் பயிற்சி. பிரச்சினையை இனங்காணல், தகவல் திரட்டல், தீர்வுகளை முன்மொழிதல், பொருத்தமானதைத் தெரிதல், வரைதல், ஆக்குதல், மதிப்பிடல் என்று கரும்பலகையில் எழுதப்படும். பிள்ளைகள் கொப்பியில் இறக்குவார்கள், பரீட்சையில் ஒழுங்கு மாறாமல் ஒப்புவிப்பார்கள். ஏழு படியும் பாடமாக இருக்கும். ஒரு பிரச்சினையைக்கூடத் தன் கண்ணால் இனங்கண்டிருக்க மாட்டார்கள்.

அந்த ஸ்டூலையே எடுத்துக்கொள்வோம். அதே பாடசாலையில் தரம் 6 பிள்ளைகள் பெரியாட்களின் கதிரையில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். வளர்ந்த ஒருவருக்கு இருக்கையின் உயரம் ஏறத்தாழ 45 சென்ரிமீற்றர் பொருந்தும். 11 வயதுப் பிள்ளைக்கு 38 அளவில் போதும். இதை ஆசிரியர் சொல்லிக் கொடுக்கவே தேவையில்லை. ஓர் அளவுநாடாவைக் கொடுத்து, நிலத்திலிருந்து முழங்கால் மடிப்பின் பின்பக்கம் வரை 30 பிள்ளைகளை அளந்து வரச் சொன்னால் அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். அளவுகளை எழுதி, சராசரி எடுத்து, மிக உயரமானவனுக்கும் மிகக் கட்டையானவனுக்கும் என்ன செய்யலாம் என்று வாதாடும்போது கணிதமும் வந்துவிடும், அடுத்தவனைப் பற்றி யோசிக்கும் பழக்கமும் வந்துவிடும். அன்றைக்கு மரமே தொட வேண்டாம். பாதிப் பாடம் முடிந்துவிட்டது.

அடுத்தது பொருள். எங்கள் கரையோரத்தில் மாரி பிறந்தால் மேசை லாச்சி இறுகிக்கொள்ளும். கோடையில் அதே லாச்சி லேசாக ஓடும். மரம் ஈரத்தைக் குடித்து நாருக்குக் குறுக்காக விரிவதுதான் காரணம். நல்ல ஓடாவிக்கு இது தெரியும், இடைவெளி விட்டே லாச்சி செய்வார். வீட்டிலே தினம் இழுத்துப் பார்க்கிற இந்த விடயத்திலிருந்து பாடத்தைத் தொடங்காமல், மரங்களின் வகைப் பட்டியலை எழுதிப் போடுவதில் என்ன பயன்?

"பரீட்சைக்கு அது வராதே சேர்" என்பார்கள். அந்த நியாயத்தையும் பார்க்க வேண்டும். சங்கீதத்துக்கும் நடனத்துக்கும் செயன்முறைப் பரீட்சை இருக்கிறது. பாடத் தெரியாதவன் சங்கீதத்தில் சிறப்புச் சித்தி பெறுவது கடினம். தொழினுட்பப் பாடங்களிலோ விடைத்தாள்தான் தீர்ப்பு. உளி பிடிக்காத பிள்ளை உளியின் படத்துக்குப் பெயர் குறித்துச் சித்தியடையலாம். பாடசாலை மட்டக் கணிப்பீடு என்ற ஏற்பாடு இந்தக் குறையைத் தீர்ப்பதற்காக வந்தது. அதுவும் ஓடாவியின் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

வடிவமைப்பும் தொழினுட்பமும் என்ற பெயரில் இது ஒரு தேசியப் பாடமாக இங்கிலாந்தில் 1990 இல் நடைமுறைக்கு வந்தது. இன்று அங்கே 16 வயதில் எழுதும் பொதுப் பரீட்சையில் புள்ளியில் பாதி, மாணவர் தாமே பிரச்சினை கண்டு, கீறி, செய்து, சோதித்த வேலைக்குரியது. பிழைத்துப்போன முயற்சியையும் குறிப்பேட்டில் காட்டினால் அதற்கும் மதிப்புண்டு. அங்கும் எல்லாம் சரியென்று சொல்லவில்லை. மேல் வகுப்புகளில் 2004 இல் கட்டாயம் நீங்கிய பிறகு இப்பாடத்தை எடுப்போர் தொகை பெரிதும் சரிந்துவிட்டது. நமக்கு அதில் எடுக்கக்கூடியது ஒன்றுதான்: செய்கைக்குப் புள்ளி இருந்தால்தான் வகுப்பறையில் செய்கை நடக்கும்.

இனி எங்கள் சமூகத்தின் பங்குக்கு வருவோம். தரம் 10 இல் மூன்றாம் தொகுதியிலிருந்து ஒரு பாடத்தைத் தெரிய வேண்டும். தகவல் தொழினுட்பம், சுகாதாரம், ஊடகம், விவசாயம், மனைப்பொருளியல் எல்லாவற்றோடும் இந்த மூன்று பாடங்களும் அங்கேதான் இருக்கின்றன. 'கெட்டிக்காரப்' பிள்ளை கணினிக்குப் போகும். பெண் பிள்ளை மனைப்பொருளியலுக்குப் போகும். கணக்குக்கு மக்கு என்று முத்திரை குத்தப்பட்டவன் மரப்பட்டறைக்கு அனுப்பப்படுவான். ஒரு தாய் என்னிடம் நேரடியாகவே கேட்டா: "என்ட மகன மேசனாக்கவா சேர் பாக்கிறீங்க?" அவட கணவர் மேசன். வெயிலில் நின்று உழைத்துத்தான் அந்தப் பிள்ளையைப் படிப்பிக்கிறார்.

அந்தக் கேள்வியை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. அதற்குப் பின்னால் வரலாறு இருக்கிறது. 1930களில் ஹந்தெஸ்ஸவில் தொடங்கிய கிராமியக் கல்வித் திட்டம் பிள்ளைகளை மண்ணோடும் கைவேலையோடும் சேர்த்துக் கற்பிக்கப் பார்த்தது. பெற்றோர் கேட்டதோ ஆங்கிலமும் அரச உத்தியோகமும். 1972 சீர்திருத்தம் தொழில்முன் பாடங்களை எல்லாப் பாடசாலைக்கும் கொண்டுவந்தது. 1977 இல் ஆட்சி மாறியதோடு அவையும் போயின. ஏழைப் பிள்ளைக்குக் கைவேலை, வசதியுள்ள பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் என்று ஆகிவிடுமோ என்ற பயம் சனத்தின் மனதில் ஊறிப்போனது. 2013 இல் உயர்தரத்தில் தொழினுட்பவியல் பிரிவு தொடங்கப்பட்டது. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் தொழினுட்பவியல் பீடம் இருக்கிறது. கதவு திறந்தாயிற்று. ஆனால் அங்கே போய்ச் சேருகிற பிள்ளை சாதாரண தரத்தில் ஒரு கோட்டைக்கூடச் சுயமாகக் கீறிப் பழகாமல் போகிறது.

எங்களுக்கு இது அந்நியமான அறிவுமல்ல. மருதமுனைத் தறிக்காரர் கரையையும் நிறத்தையும் பாவு போடுவதற்கு முன்பே எண்ணி முடிவுசெய்ய வேண்டும். பாவில் விட்ட பிழையைப் பிறகு திருத்துவது எளிதல்ல. பேருவளையில் மாணிக்கம் பட்டை தீட்டுபவர் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நிறம் எங்கே நிற்கிறது, எடை எவ்வளவு இழக்கலாம் என்று கணக்குப் போட்ட பிறகுதான் சக்கரத்தில் வைப்பார். இது முழுக்க முழுக்க வடிவமைப்புச் சிந்தனை. இவர்களின் பிள்ளைகள்தான் வகுப்பில் ஏழு படியையும் மனனம் செய்கிறார்கள். வாப்பாவின் தறியையோ சக்கரத்தையோ ஒரு நாளாவது பாடமாகப் பார்க்க எந்தப் பாடசாலை அழைத்துப் போயிருக்கிறது?

சுற்றுநிருபம் வரும்வரை காத்திருக்காமல் செய்யக்கூடியவையும் இருக்கின்றன. ஒப்படைக்கு முடிந்த பொருளைக் கேட்காமல், கீறிய தாள்களையும் கைவிட்ட யோசனைகளையும் கேளுங்கள். அவற்றை ஓடாவியிடம் காசு கொடுத்து வாங்குவது கஷ்டம். ஓடாவியையே வகுப்புக்கு அழைத்து, செய்து தருவதற்குப் பதில் ஏன் அப்படிச் செய்கிறார் என்று சொல்ல வையுங்கள். வேலியோரம் குவிந்து கிடக்கும் உடைந்த கதிரைகளும் மேசைகளும்தான் மூலப்பொருள், அவற்றுக்கு நிதி தேவையில்லை. பட்டறைக்குப் பெண் பிள்ளைகளையும் விடுங்கள். அடுப்படியின் உயரமும் தட்டின் எட்டும் தூரமும் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது ஆண் பிள்ளைகளுக்குத் தெரியாது. பழைய மாணவர் சங்கங்கள் வருடாவருடம் வாசல் வளைவு கட்டுகிற காசில் ஒரு பகுதிக்குப் பத்து நல்ல வாளும் பத்து மட்டமும் வாங்கலாம்.

அந்த 14 ஸ்டூல்களும் கண்காட்சி முடிந்ததும் அதிபரின் அறைக்கும் அலுவலகத்துக்கும் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். தரம் 6 பிள்ளைகள் இன்னும் காலைத் தொங்கப்போட்டுத்தான் இருக்கிறார்கள். அடுத்த தவணையில் எந்த ஆசிரியராவது அளவுநாடாவோடு அந்த வகுப்புக்குப் போனால் எனக்கும் சொல்லியனுப்புங்கள். நானும் வந்து ஒரு பக்கம் பிடிக்கிறேன்.