நிலம் ஒன்று, பொழுது பல: ஜெஃப் வாலின் கூட்டு ஒளிப்படம்

கூட்டு ஒளிப்படக் கலை குறித்த பேச்சு பெரும்பாலும் ஒட்டுத் தெரியாமையைச் சுற்றியே அமைகிறது. வெவ்வேறு படங்களைக் கணினியில் அடுக்குகளாக வைத்து, வேண்டாத பகுதிகளை மறைத்து, ஒளியின் திசையையும் நிழலின் அடர்த்தியையும் நிறத்தையும் ஒத்திசையச் செய்து, ஓரங்களை மென்மையாக்கிவிட்டால் படைப்பு நிறைவுற்றது என்னும் எண்ணம் பயிற்சிக் கையேடுகளிலிருந்து திறனாய்வுக்குள்ளும் புகுந்துள்ளது. கைத்திறனை அளக்க இது போதும். கலையை மதிப்பிட, எதை எதனோடு சேர்ப்பது, எதைச் சேர்க்கலாகாது எனக் கலைஞர் தமக்கு வகுத்துக்கொண்ட வரம்பு நோக்கப்படல் வேண்டும்.

கனடியக் கலைஞர் ஜெஃப் வால் 1993இல் உருவாக்கிய 'திடீர்க் காற்று (ஹொகுசாயை ஒட்டி)' என்னும் படைப்பு இதற்குத் தக்க சான்று. ஏறத்தாழ 4 மீட்டர் அகலமுள்ள ஒளிப்பெட்டியில் ஒளிரும் படம் அது. 1830களின் தொடக்கத்தில் ஹொகுசாய் ஆக்கிய 'ஃபூஜி மலையின் முப்பத்தாறு காட்சிகள்' என்னும் மரச்செதுக்கு அச்சு வரிசையில், எஜிரி என்னுமிடத்தில் காற்றில் சிக்கிய வழிப்போக்கர்களைக் காட்டும் படமே அதன் மூலம். வால் அக்காட்சியை வான்கூவர் நகருக்கு வெளியே உள்ள ஒரு சமவெளிக்குக் கொண்டுசென்றார். முன்புறத்தில் நால்வர், ஒருவர் முகத்தைக் கழுத்துத்துணி மூடியிருக்கிறது, கையிலிருந்த தாள்கள் வானெங்கும் சிதறுகின்றன, மற்றொருவர் பறந்துபோகும் தொப்பியை அண்ணாந்து நோக்குகிறார்.

பார்ப்பவர் கண்ணுக்கு இது ஒரு நொடி. உண்மையில் ஓராண்டுக்கும் மேலாக, நடிகர்களைக் கொண்டு எடுக்கப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட ஒளிப்படங்களின் தொகுப்பு. ஃபோட்டோஷாப் மென்பொருளில் அடுக்கு வசதி 1994இல்தான் வந்தது என்பதை நினைத்தால் உழைப்பின் அளவு விளங்கும். மேகமூட்டத்தின் பரவொளி இங்குப் பெருந்துணை செய்கிறது. கூர்நிழல் விழாததால், வெவ்வேறு நாள்களில் எடுத்த உருவங்கள் ஒன்றையொன்று காட்டிக்கொடுப்பதில்லை.

இங்குத் தொல்காப்பிய அகத்திணையியல் கூறும் வரையறை ஒன்று நினைவுக்கு வருதல் இயல்பு. திணை மயங்கலாம், நிலம் மயங்கலாகாது என்பது அது. எனவே காலம் மயங்கும் என்று நச்சினார்க்கினியர் பொருள் கொள்வார். அகப்பாடல் இலக்கணத்தை ஒளிப்படத்தின்மேல் அப்படியே ஏற்றுதல் முறையாகாது. ஆயினும் வால் தமக்கு இட்டுக்கொண்ட வரம்பு இதனோடு ஒத்திருப்பது நோக்கத்தக்கது. பல பருவங்களின் பொழுதுகள் படத்தில் கலக்கின்றன. நிலப்பரப்போ ஒன்றாகவே நிற்கிறது. மின்கம்பங்களும் வாய்க்காலும் வெற்று வயலும் அவ்விடத்திற்கே உரியவை. காற்று நம்பத்தக்கதாவது அந்நிலம் நம்பத்தக்கதாக இருப்பதனால்தான்.

ஆஸ்கர் ரெய்லாண்டர் 1857இல் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை இணைத்து ஆக்கிய 'வாழ்வின் இரு வழிகள்' இதற்கு மறுதலை. இருட்டறையில் ஆறு வாரம் உழைத்த அவர்தம் பொறுமை வியப்புக்குரியது. விக்டோரியா அரசியும் ஒரு படி வாங்கினார். எனினும் அறமும் இன்பமும் இருபுறம் பிரிந்து நிற்கும் அம்மண்டபம் எங்கும் இல்லாத இடம். உருவங்கள் நிற்பதற்குத் தரையே இல்லை என்னும் உணர்வு எஞ்சுகிறது. இன்றைய கணினிக் கூட்டுப்படங்களுள் மிதக்கும் தீவுகளும் மேகத்தில் நீந்தும் திமிங்கிலங்களும் கொண்டவை பெரும்பாலும் ரெய்லாண்டர் வழியினவே. கருவிகள் மாறியுள்ளன, குறை மாறவில்லை.

வாலின் படத்திலும் குறை உண்டு. சிதறும் தாள்கள் ஹொகுசாயின் வளைகோட்டை மிகவும் பணிவாகப் பின்பற்றுகின்றன. தனித்தனியே எடுத்து இடம்பார்த்து வைத்தவை ஆதலின், காற்றின் தாறுமாறு அவற்றில் இல்லை. அண்ணாந்து நோக்குபவரின் நிலையிலும் மேடை நடிப்பின் சாயல் தெரிகிறது. ஒட்டு முழுமையாக மறைந்த இடத்திலேயே கலைஞரின் கை மிகுதியாகத் தென்படுவது இத்தொழில்நுட்பத்தின் முரண்.

ஹொகுசாய் ஒரே கோட்டால் வரைந்த ஃபூஜி மலை வாலின் படத்தில் இல்லை. மூலத்தில் மலை அசையாது நின்று காற்றின் வேகத்தை அளக்க உதவுகிறது. நூறு படங்களைச் சேர்த்தவருக்கு இன்னும் ஒரு மலையைச் சேர்த்தல் அரிதன்று. வான்கூவர்ச் சமவெளியில் அது இல்லாமையால் அவர் அதைச் சேர்க்கவில்லை. அடிவானம் வெறுமையாகவே விடப்பட்டுள்ளது.