பழைய தங்கத்துக்குப் பசுமைப் பட்டம்

நகைக்கு இனிச் சுரங்கத் தங்கமும் வெள்ளியும் வாங்குவதில்லை, மறுசுழற்சி செய்தது மட்டுமே என்று டென்மார்க்கின் பண்டோரா நிறுவனம் 2024 தொடக்கத்தில் அறிவித்தது. இதனால் ஆண்டுக்கு 58,000 டன் கரியமில வாயு மிச்சம் என்று கணக்கும் சொன்னது. ஆய்வக வைரமும் மறுசுழற்சித் தங்கமும் சேர்ந்தால் பூமிக்குப் பாரமில்லாத நகை என்ற பேச்சுக்கு அதன்பின் பலம் கூடிவிட்டது.

வைரத்தோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. சூரத்தில் மீத்தேன் வாயுவிலிருந்து வளர்த்தெடுக்கும் கல்லும் அசல் வைரம்தான். உள்நாட்டுப் போருக்குக் காசு கொடுத்த கல் என்ற பழி அதற்கு இல்லை. விலையும் இறங்கியிருக்கிறது. நிலக்கரி மின்சாரத்தில் வளர்த்தால் பசுமை வெளுக்கும். அது சூரிய மின்சாரத்தால் தீரக்கூடிய குறை. தங்கத்திலோ வாதமே ஓட்டை.

நகைத் தங்கத்தை யாரும் குப்பையில் போடுவதில்லை. கோவையில் நகைப் பட்டறையைப் பெருக்கிய தூசிக்கும் விலை உண்டு. பட்டறைத் தெருச் சாக்கடை மண்ணை அள்ளிப்போய், அலசித் துகள் பிரித்துப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். பாட்டியின் காசுமாலை பேத்திக்கு நெக்லஸாவது நம் வீடுகளில் புதுசல்ல. உலகச் சந்தைக்கு ஆண்டுதோறும் வரும் தங்கத்தில் ஏறக்குறைய கால்வாசி இப்படி உருக்கியதுதான். பசுமை விளம்பரம் வருவதற்கு முன்பும் இது நடந்தது.

அந்தப் பங்கைக் கூட்டுவதும் குறைப்பதும் பவுன் விலையும் வீட்டுப் பணமுடையும்தான். வாங்குபவரின் நல்லெண்ணம் அல்ல. பெரிய நிறுவனம் ஒன்று உருக்கிய தங்கத்தை மொத்தமாக எடுத்துக்கொண்டால், அதுவரை அதை வாங்கியவர் சுரங்கத் தங்கத்துக்குப் போவார். தோண்டுவது ஒரு கிராம்கூடக் குறையாது. தங்கத்தில் மிச்சமானதாகச் சொன்ன கரியமில வாயு அடுத்தவர் கணக்கில் ஏறியிருக்கும், அவ்வளவுதான்.

இதைவிட உறுத்துவது ஒன்று உண்டு. சுரங்கத்திலிருந்து வந்த கட்டியை அவசரமாக வளையலாக அடித்து மறுபடி உருக்கினால், அதுவும் பழைய தங்கம் என்றே விலைபோகும். உருகிய தங்கத்துக்குப் பிறந்த ஊர் கிடையாது. அமேசான் காட்டில் பாதரசம் கலந்து திருட்டுத்தனமாக எடுத்த தங்கத்துக்கு இதைவிட வசதியான வாசல் வேறில்லை. சுத்தமான தங்கம் என்று நம்பி வாங்குபவரின் விரலில் அதுவே மோதிரமாக ஏறும்.

ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா என்று உலகெங்கும் மண்வெட்டியும் சல்லடையுமாகத் தங்கம் தேடிப் பிழைப்பவர்கள் ஒரு கோடிக்கு மேல். அவர்களுக்கு நியாய விலை கொடுத்து, பாதரசத்தையும் குறைக்கவைக்கும் ஃபேர்மைன்ட் போன்ற சான்றுகள் இருக்கின்றன. அந்தத் தங்கத்துக்குக் கூடுதல் விலை தரவேண்டும். எந்தக் குழியிலிருந்து வந்தது என்று தொடர்ந்து விசாரிக்கவேண்டும். நகைத் தொழிலால் பூமிக்கு ஏதாவது நன்மை வருமென்றால் இந்த வழியில்தான் வரும். மறுசுழற்சி முத்திரை இந்தத் தொல்லையிலிருந்து நகைக்காரருக்கு விடுதலை கொடுக்கிறது. சுரங்க முதலாளிக்கும் அதன்மேல் கோபம் வராது. அவரிடம் அது எதையும் கேட்பதில்லை.