தவளையும் நரியும்: அரசியல் மீம்களுக்குப் பொருள் கொள்ளும் முறை

அமெரிக்க ஓவியர் மேட் ஃபியூரி 2005ஆம் ஆண்டில் தாம் வரைந்த நகைச்சுவைச் சித்திரக்கதை ஒன்றில் பேப்பே என்னும் தவளையைப் படைத்தார். ஒரே வீட்டில் கவலையின்றிக் காலங்கழிக்கும் நான்கு நண்பர்களுள் அதுவும் ஒன்று. சோம்பலும் சாந்தமும் உடைய பிராணி. எவருக்கும் தீங்கு நினையாதது. பதினோராண்டுகள் கழித்து, 2016 செப்டம்பரில், யூத வெறுப்பைக் கண்காணித்துவரும் அவதூறு எதிர்ப்புச் சங்கம் அதே தவளையை வெறுப்புச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. இவ்விரண்டு ஆண்டுகளுக்கும் இடையே நடந்தது என்ன என்பதை ஆர்தர் ஜோன்ஸ் இயக்கி 2020இல் வெளிவந்த 'ஃபீல்ஸ் குட் மேன்' என்னும் ஆவணப்படம் எடுத்துரைக்கிறது.

இறையியல் ஏட்டில் தவளைச் சித்திரத்திற்கு என்ன இடம் என்று வாசகர் சிலர் வினவக்கூடும். சொற்களுக்கும் உருவங்களுக்கும் பொருள் கொள்வது நமக்கு அன்றாடப் பணி. ஒருவர் கருதாத பொருளை அவர் சொல்லின்மேல் ஏற்றுவதால் விளையும் கேட்டைத் திருச்சபை நெடுங்காலமாக அறிந்திருக்கிறது. அன்றியும், 2020ஆம் ஆண்டின் பிற்பகுதியில் லைஃப்வே ஆய்வு நிறுவனம் அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபைகளின் ஆயர்களை வினவியபோது, நாட்டு நடப்புகளைச் சதியால் விளக்கும் கதைகளைத் தம் சபையார் அடிக்கடி சொல்லக் கேட்பதாக 49 விழுக்காட்டினர் கூறினர். ஆகவே இது சபைக்கு வெளியே இருப்போரின் சிக்கல் மட்டுமன்று.

'மீம்' என்னும் சொல்லை உண்டாக்கியவர் உயிரியலறிஞர் ரிச்சர்ட் டாக்கின்ஸ். ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்வதால் மனத்திலிருந்து மனத்திற்குப் பரவும் பண்பாட்டுக் கூறுக்கு 1976இல் அவர் இட்ட பெயர் அது. போலச்செய்தலைக் குறிக்கும் கிரேக்க வேரிலிருந்து அதை அமைத்துக்கொண்டார். அதே வேரிலிருந்து வரும் 'மிமேத்தாய்' என்னும் சொல்லைப் பவுலடியார் கொரிந்தியருக்கும் தெசலோனிக்கேயருக்கும் எழுதுகையில் ஆண்டிருப்பதைக் கிரேக்கம் பயிலும் மாணவர் அறிவர். பவுலிடத்தில் அச்சொல்லுக்குப் பின்னால் ஓர் ஆள் உண்டு. பின்பற்றப்படுகிறவர் இன்னார் என்பது தெரியும். அவர் அடிபட்டும் சிறைப்பட்டும் தம் சொல்லுக்குப் பிணையாக நிற்கிறார். இணையத்து மீமிலோ போலச்செய்தல் உண்டு, ஆள் இல்லை.

பேப்பேயின் கதையில் இதைத் தெளிவாகக் காணலாம். ஃபியூரியின் சித்திரம் 2008 அளவில் ஃபோர்சேன் என்னும் இணையப் படப்பலகையைச் சென்றடைந்தது. அங்கு எழுதுவோர்க்குப் பெயரில்லை. எழுதியவையும் விரைவில் மறைந்துபோகும். தனிமையால் வாடிய இளைஞர் தம் ஏக்கத்தைத் தெரிவிக்க முதலில் அத்தவளையின் முகத்தைப் பயன்படுத்தினர். 2014இல் புகழ்பெற்ற பாடகியர் இருவர் அதே முகத்தைப் பொதுவில் பகிர்ந்தபோது, தம் உடைமையைப் பிறர் கவர்ந்துகொண்டதாக அவ்விளைஞர் சினந்தனர். பொதுமக்கள் தொடக் கூசும்படி அதை ஆக்கிவிட வேண்டுமென்று நாசிச் சின்னங்களை அதனோடு சேர்த்து வரையத் தலைப்பட்டனர். இவர்களுள் எத்தனை பேர் விளையாட்டாகச் செய்தனர், எத்தனை பேர் மெய்யாகவே யூதரை வெறுத்தனர் என்று எவராலும் பிரித்துச் சொல்ல இயலாது. வெறுப்பவருக்கு இந்தப் பிரிக்கவியலாமையே புகலிடம். கேட்டால் வேடிக்கை; கேளாவிட்டால் கொள்கை.

2015 அக்டோபரில், அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட டொனால்ட் டிரம்ப், தம்மையே அத்தவளையாக வரைந்த படமொன்றைத் தம் கணக்கில் பகிர்ந்தார். அடுத்த ஆண்டு செப்டம்பரில் ஹிலரி கிளின்டனின் பரப்புரைக் குழுவினர் அத்தவளையின் பொருளை விளக்கிக் குறிப்பொன்று வெளியிட்டனர். ஒரு பெருநாட்டின் தேர்தலில் தவளைக்கு உரை எழுத வேண்டிவந்தது! உரை வந்ததும் கேலிச்சித்திரம் கொடியாயிற்று. தாங்கள் கிறுக்கியதை வல்லவர்கள் பொருட்படுத்திவிட்டனர் என்பதே பெயரிலிகளுக்குப் போதிய வெகுமதியாக இருந்தது.

இதோடு நில்லாமல் ஒரு போலிச் சமயமும் எழுந்தது. கணினி விளையாட்டொன்றில் எதிரணியாரின் சிரிப்பு 'கெக்' என்று உருமாறித் தோன்றும். அவ்வொலி இவர்களிடையே சிரிப்புச் சொல்லாக வழங்கிவந்தது. பண்டைய எகிப்தியர் வணங்கிய இருள் தெய்வம் ஒன்றுக்கும் கெக் என்று பெயர் இருந்ததும், அதற்குத் தவளைத் தலை உண்டென்பதும் பின்னர்க் கண்டெடுக்கப்பட்டன. படப்பலகையில் ஒவ்வொரு பதிவுக்கும் தானாக விழும் வரிசையெண் ஒரே இலக்கம் அடுக்கி முடிந்தால், அது அத்தெய்வத்தின் அருள்வாக்கு என்றனர். நகைப்புக்காகவே தொடங்கியது இது. 2016 நவம்பரில் டிரம்ப் வென்றபின், தங்கள் படங்களின் மந்திரமே அவரை வெல்லச்செய்தது என்று கூறியோரின் குரலில் நகைப்பு எவ்வளவு, நம்பிக்கை எவ்வளவு என்று அளக்க முடியவில்லை. படம் இவ்விடத்தில் மறைபொருள் கலைகளில் தேர்ந்த ஒருவரை அழைத்து மந்திரம் பற்றிப் பேசவைக்கிறது. சுவையான பகுதிதான், ஆயினும் மந்திரத்தை விளக்கவந்த படம் அதன் கவர்ச்சிக்குச் சற்று இடங்கொடுத்துவிட்டது என்றே கருதுகிறோம்.

இரண்டாம் நூற்றாண்டில் லியோன் நகரப் பேராயராயிருந்த ஐரேனியஸ், வாலண்டினியர் எனப்பட்ட ஞானக்கொள்கையினரின் திருமறை விளக்கத்தைக் கண்டிக்கையில் ஓர் உவமை கூறுகிறார். கைதேர்ந்த கலைஞன் ஒருவன் விலையுயர்ந்த கற்களைப் பதித்து அரசனின் உருவத்தை ஆக்கியிருக்கிறான். வேறொருவன் அக்கற்களைப் பெயர்த்து, இடமாற்றி அடுக்கி, நாயாகவோ நரியாகவோ ஓர் உருவைச் செய்கிறான். அதுவும் திருத்தமாக இல்லை. பின்பு, இதுவே அக்கலைஞன் செய்த அரசன் உருவம், கற்கள் அதே கற்கள் அல்லவா என்கிறான். அரசனைக் கண்டிராத எளியோர் அதை நம்பிவிடுகின்றனர். கற்களுள் ஒன்றுகூடப் பொய்க்கல் அன்று என்பதில்தான் இவ்வுவமையின் கூர்மை இருக்கிறது. பொய் அடுக்கில் இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு கல்லையும் தனித்தனியே சோதித்து மெய்யென்று காட்டுகிறவன் எதையும் மெய்ப்பித்தவன் ஆகான்.

ஜோன்ஸின் படம் வலிமை பெறுவது, அரசன் உருவைச் செய்த கலைஞன் தன் கற்கள் நரியாவதைப் பார்த்து நிற்கும் காட்சிகளில். ஃபியூரி முதலில் சிரித்து விட்டுவிட்டார்; பிறகு நல்ல பொருளில் அத்தவளையை வரைந்து பரப்புமாறு மக்களை வேண்டினார்; 2017 மே மாதத்தில் பேப்பே இறந்து சவப்பெட்டியில் கிடப்பதாகவே வரைந்தார். எதுவும் பயன்தரவில்லை. கடைசியில் நீதிமன்றத்தை நாடினார். இஸ்லாமியரை இகழும் சிறுவர் நூலொன்றில் தவளையைப் பயன்படுத்திய ஒருவர், அந்நூலின் ஆதாயம் முழுவதையும் அமெரிக்க இஸ்லாமிய உறவுகள் மன்றத்திற்குக் கொடுக்க நேர்ந்தது. சதிக்கதைகளைப் பரப்பிப் பெயர்பெற்ற இன்ஃபோவார்ஸ் நிறுவனம், தான் விற்ற சுவரொட்டிக்காக 2019இல் 15,000 டாலர் செலுத்தி வழக்கை முடித்துக்கொண்டது. சட்டத்திற்கு முன் மட்டும் மீமுக்கு ஓர் உரிமையாளர் கிடைக்கிறார் என்பது எண்ணத்தக்கது.

ஆனால் படத்தின் முடிவை நாம் ஏற்பதற்கில்லை. 2019இல் ஹாங்காங்கில் கிளர்ச்சி செய்த இளைஞர், அமெரிக்காவில் அத்தவளைக்கு ஏறிய பொருளைப் பொருட்படுத்தாமல், தம் போராட்டத்தின் சின்னமாக அதை ஏந்தினர். தவளை மீட்கப்பட்டது என்னும் ஆறுதலோடு படம் முடிகிறது. இங்கே வெறுப்பும் அங்கே நம்பிக்கையும் ஒரே முகத்தில் ஒட்டிக்கொள்ளும் என்றால், அம்முகத்திற்குச் சொந்தப் பொருள் ஒன்றுமில்லை என்பதுதானே பெறப்படும்? நோயின் மற்றோர் அறிகுறியை நலம் என்று காட்டிவிடுகிறது படம். மேலும், அதன் பரிவு முழுவதும் கலைஞன் பக்கம் இருக்கிறது. நரியை அரசன் என்று நம்பியவர்களைப் பற்றி நாம்தான் எண்ணிப்பார்க்க வேண்டியிருக்கிறது.

2016 அக்டோபர் 7 முதல், கிளின்டனின் பரப்புரைத் தலைவர் ஜான் பொடெஸ்டாவின் திருடப்பட்ட மின்னஞ்சல்களை விக்கிலீக்ஸ் வெளியிட்டது. அவற்றில் விருந்து பற்றியும் உணவு பற்றியும் பேச்சு வருகிறது; பீட்சாவும் வருகிறது. 'சீஸ் பீட்சா' என்பது, முதலெழுத்து ஒற்றுமையால், குழந்தைகளை இழிவுபடுத்தும் படங்களுக்குப் படப்பலகையில் முன்பே வழங்கிவந்த மறைமொழி. அங்கிருந்தோர் தம்முடைய கொச்சை வழக்கைக் கொண்டு பிறருடைய கடிதங்களை வாசித்தனர். தம் அகராதியிலிருந்த பாவத்தையே அங்கும் கண்டனர். வாஷிங்டனிலுள்ள 'காமெட் பிங் பாங்' என்னும் உணவகத்தின் நிலவறையில் குழந்தைகள் அடைக்கப்பட்டிருக்கின்றனர் என்ற கதை சில வாரங்களில் உருவாயிற்று. மின்னஞ்சல்கள் மெய், உணவகம் மெய், பெயர்கள் மெய். அவ்வுணவகத்திற்கு நிலவறை என்பதே கிடையாது.

டிசம்பர் 4ஆம் நாள், வட கரோலினாவைச் சேர்ந்த 28 வயது இளைஞன் ஒருவன், இரு சிறுமிகளுக்குத் தகப்பன், பல மணி நேரம் வண்டியோட்டி அங்கே வந்தான். கையில் துப்பாக்கியோடு நுழைந்து, பூட்டிய கதவொன்றைச் சுட்டுத் திறந்தான். உள்ளே கணினிக் கருவிகள் இருந்தன. குழந்தைகள் எவரும் இல்லை என்று கண்டதும் துப்பாக்கியை வைத்துவிட்டுக் காவலரிடம் சரணடைந்தான். 2017 ஜூனில் நான்காண்டுச் சிறைத்தண்டனை பெற்றான். அவன் செய்தது குற்றமே. உணவகத்தில் இருந்தோர் எவரும் சாகாதது தெய்வச் செயல். ஆயினும் இக்கதையைப் பகிர்ந்த பெருந்திரளினருள், குழந்தைகள் வதைபடுகின்றனர் என்று மெய்யாகவே நம்புகிறவன் செய்யக்கூடியதைச் செய்தவன் அவன் ஒருவனே. சென்று பார்த்ததும் இல்லையென்று ஒப்புக்கொண்டவனும் அவனே. கற்களை அடுக்கியவர்கள் பெயரிலிகளாகவே இருந்துவிட்டனர். அவர்களுள் பலர் அடுத்த அடுக்குக்குப் போய்விட்டனர்.

அடுத்த அடுக்கு 2017 அக்டோபர் 28ஆம் நாள் தொடங்கியது. அரசின் உயர்மறைகளை அறிந்தவராகத் தம்மைக் காட்டிக்கொண்ட ஒருவர் அதே படப்பலகையில் எழுதலானார். பின்னர் 'க்யூ' என்று ஒப்பமிட்டார். கிளின்டன் அக்டோபர் 30ஆம் நாள் கைதாவார் என்பது முதல் வாக்கு. கைதாகவில்லை. 2020 டிசம்பர் வரை ஏறத்தாழ 5,000 பதிவுகள் வந்தன. பெரும்பாலும் முற்றுப்பெறாத வினாக்கள். வாசகர் அவற்றைத் துணுக்குகள் என்றும், துணுக்குகளைச் சேர்த்துப் பொருள் கண்டோரை ரொட்டி சுடுவோர் என்றும் அழைத்தனர். எபேசியர் நிருபத்தின் ஆறாம் அதிகாரமும் அத்துணுக்குகளிடையே எடுத்தாளப்பட்டது. திருமறையை அறிந்தவரின் காதுக்கு அது பழகிய குரலாகக் கேட்டதில் வியப்பில்லை. நாள் குறித்த வாக்குகள் தவறியபோது நாளைத் திருத்திக்கொண்டனர். 1844 அக்டோபர் 22ஐக் குறித்துக் காத்திருந்த வில்லியம் மில்லரின் அடியார் சிலர் செய்ததும் இதுவே. 2021 ஜனவரி 6ஆம் நாள் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குள் புகுந்த கூட்டத்தில் 'க்யூ' எழுத்துப் பொறித்த ஆடைகள் இருந்தன, சிலுவைகளும் இருந்தன. (வெளிப்படுத்தல் நூலின் எண்களைச் செய்தித்தாளோடு பொருத்திப் பிரசங்கிப்போர் நம்மிடையேயும் உளர், அவர்களும் இதே அடுப்பில் சுடுகின்றனர்.)

இக்கதையின் உள்ளீடு என்ன? வல்லோர் சிலர் மறைவிடத்தில் கூடிக் குழந்தைகளை வதைத்து அவர்கள் இரத்தத்தைப் பருகுகின்றனர் என்பதே. நரி எத்தனை முறை அடுக்கப்பட்டாலும் இதே நரியாகவே வருகிறது. இங்கிலாந்தின் நார்விச்சில் 1144இல் சிறுவன் ஒருவன் கொல்லப்பட்டபோதும், இத்தாலியின் திரெந்து நகரில் 1475இல் குழந்தையொன்று இறந்துகிடந்தபோதும் கிறிஸ்தவர்கள் இதே குற்றத்தை யூதர்மேல் சுமத்தினர். திரெந்தில் யூதர் பலர் சித்திரவதைக்குள்ளாகிக் கொல்லப்பட்டனர். இறந்த குழந்தை புனிதராக வணங்கப்பட்டது. அவ்வணக்கத்தை உரோமைத் திருச்சபை 1965இல்தான் நீக்கியது. தவளைக்கு நாசிச் சின்னம் அணிவித்தவர்களின் பலகையிலிருந்தே இக்கதையும் புறப்பட்டது தற்செயல் அன்று.

ஆனால் அக்குற்றச்சாட்டு அதற்கும் முந்தியது. கி.பி. 177இல் லியோன், வியென் ஆகிய ஊர்களின் சபைகள் துன்புறுத்தப்பட்டன. அவ்விரு சபைகளும் ஆசியாவிலிருந்த சகோதரருக்கு எழுதிய கடிதத்தை யூசேபியஸ் தம் வரலாற்றில் காத்துவைத்திருக்கிறார். கிறிஸ்தவர்கள் இரகசியமாகக் கூடிப் பிள்ளைகளைத் தின்கின்றனர் என்று, வதைக்கு அஞ்சிய அடிமைகள் படைவீரரின் தூண்டுதலால் பொய் உரைத்தனர். அச்செய்தி பரவியதும், அதுவரை நட்பாயிருந்த அயலாரும் வெகுண்டனர். தொண்ணூறு வயது கடந்த பேராயர் பொத்தினு சிறையில் இறந்தார். அவர் இடத்திற்கு வந்தவரே நரி உவமையைச் சொன்ன ஐரேனியஸ். கற்கள் இடம்மாறினால் என்ன ஆகும் என்பதை அவர் நூல்களிலிருந்து மட்டும் அறிந்தவர் அல்லர்.

அக்கடிதத்தில் பிப்ளிஸ் என்னும் பெண் ஒருத்தியைப் பற்றிய குறிப்பு வருகிறது. அவள் முதலில் அச்சத்தால் கிறிஸ்துவை மறுதலித்துவிட்டவள். மறுதலித்தவள் தானே, பிறர்மேல் குற்றஞ்சாட்டவும் இசைவாள் என்று எண்ணி அவளை மீண்டும் வதைத்தனர். வதையின் நடுவே, உறக்கத்தினின்று எழுந்தவள்போல் அவள் தெளிந்தாள். விலங்குகளின் இரத்தத்தையும் உண்ணாத நாங்கள் பிள்ளைகளை எப்படி உண்போம் என்று அவதூறு கூறியோரைத் திருப்பிக் கேட்டாள். அதன்பின் தன்னைக் கிறிஸ்தவள் என்று அறிக்கையிட்டாள். சாட்சிகளின் வரிசையில் அவள் பெயரும் சேர்க்கப்பட்டது.