எழுத்து மறந்தது, சைக்கிள் மறக்கவில்லை

பி. சாய்நாத்தின் ‘எவ்ரிபடி லவ்ஸ் எ குட் ட்ராட்’ (1996) நூலில், புதுக்கோட்டைப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டதைப் பற்றி ஒரு கட்டுரை உண்டு. ஐ.டி. வேலையில் சேர்ந்த பிறகுதான் அதைப் படித்தேன். அதில் வரும் ஒரு சின்னத் தகவல் என்னைப் பிடித்துக்கொண்டது. லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு. பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளை வாங்கினார்கள். சிலருக்கு அதுவே பிடித்தும் போனது. முன்னால் இருக்கிற பாரில் பிள்ளையை உட்காரவைத்துக்கொண்டு போகலாம். அப்படி உட்கார்ந்து போன பிள்ளைகளில் நானும் ஒருவன். படித்தபோது எங்கள் வீட்டு ஆல்பத்தை யாரோ புரட்டிக் காட்டுகிற மாதிரி இருந்தது.

அந்த உரிமையில் ஒரு புகார் சொல்ல வேண்டும். அந்தக் கட்டுரையை நாம் திரும்பத் திரும்பச் சொல்லும் விதத்தைப் பற்றிய புகார்.

பின்னணி தெரியாதவர்களுக்காக: 1988இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. 15 முதல் 35 வயதுக்குள் இருக்கிற 8 கோடிப் பேருக்கு 1995க்குள் எழுதப் படிக்கக் கற்றுத்தருவது இலக்கு. 1990இல் கேரளத்தின் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அடுத்த வருஷம் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பரவியது. அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், சைக்கிள் ஓட்டுவதையும் அதோடு சேர்த்தார். 1992 மகளிர் தினத்தன்று 1,500 பெண்களுக்கு மேல் ஹேண்டில்பாரில் கொடி கட்டிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் விளைபொருளை விற்கப் போகவும், தண்ணீர் எடுக்கவும், பிள்ளையைக் கூட்டிப் போகவும் அந்தச் சைக்கிள் உதவியது. சாய்நாத் இதை விடுதலை என்கிறார். சரிதான். அந்த விடுதலையின் முன்பாரில் உட்கார்ந்து போனவன் சொல்கிறேன், சரிதான்.

ஆனால் போன வருஷம் அம்மாவை வங்கிக்குக் கூட்டிப் போனேன். அதிகாரி படிவத்தை நீட்டினார். நான் பேனாவை எடுப்பதற்குள் அம்மா கட்டைவிரலை நீட்டிவிட்டாள். வெளியே வந்ததும் கேட்டேன்.

“அறிவொளியில கையெழுத்துப் போடக் கத்துக்கிட்டியேம்மா?”

“அது எங்கடா ஞாபகம் இருக்கு. எழுதி எத்தனை வருஷமாச்சு.”

“சைக்கிள்?”

“அது எப்படிடா மறக்கும்!”

வயது வந்தோர் கல்வியைப் பற்றிப் பேசும்போது ‘பரந்த பயன்கள்’ என்ற ஒரு வாதம் வரும். எழுத்து வந்ததா இல்லையா என்று மட்டும் பார்க்காதே, தன்னம்பிக்கை வந்ததா, ஆரோக்கியம் கூடியதா, பொதுக் காரியத்தில் பங்கெடுத்தார்களா என்று பார் என்கிற வாதம். இது வெறும் உணர்ச்சிப் பேச்சு அல்ல, ஆய்வுகளும் உண்டு. இதற்கென்றே 1999இல் லண்டனில் ஓர் ஆய்வு மையம் வைத்தார்கள். 1958இல் பிறந்தவர்களைத் தொடர்ந்து கவனித்துவந்த தரவை எடுத்து, 33 வயதுக்கும் 42 வயதுக்கும் இடையில் ஏதாவது வகுப்பில் சேர்ந்தவர்களைச் சேராதவர்களோடு ஒப்பிட்டார்கள். சேர்ந்தவர்களிடம் புகையை விடுவதும், உடற்பயிற்சியும், அமைப்புகளில் சேர்வதும், பிற இனத்தாரிடம் சகிப்பும் ஓரளவு கூடுதலாகத் தெரிந்தன. பெரிய மாயம் ஒன்றும் இல்லை. சின்னச் சின்ன நகர்வுகள். ஆனால் நடுவயதில் மனிதர்கள் பெரும்பாலும் நகர்வதே இல்லை என்பதால் அது பெரிய விஷயம்.

இந்த வாதத்தை நான் நம்புகிறேன். ஆனால் அது சாக்காக மாறும் இடம் ஒன்று இருக்கிறது. “எழுத்து போனால் என்ன, சைக்கிள் வந்ததே” என்று நாம் சிரித்துக்கொண்டே சொல்லும் இடம். நானே மேடையில் அப்படிச் சொல்லி கைதட்டு வாங்கியிருக்கிறேன். வங்கியில் அந்தக் கட்டைவிரலைப் பார்த்த பிறகு சொல்ல முடியவில்லை. சாய்நாத் எழுதியபோது இயக்கத்தின் சூடு ஆறவில்லை. பின்னால் நடந்ததை அவர் எழுதியிருக்க முடியாது. நாம்தான் முப்பது வருஷமாக அதே பக்கத்தில் நிற்கிறோம்.

சைக்கிள் ஏன் மறக்கவில்லை? தினமும் அதற்கு வேலை இருந்தது. எழுத்துக்கு? எங்கள் ஊரில் ராத்திரி அரிக்கேன் விளக்கைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பெண்கள் உட்கார்ந்தவரை இருந்தது. யாரோ ஒருத்தி சத்தமாகப் படிப்பாள், மற்றவர்கள் கேலி செய்வார்கள், பேச்சு சண்டையில் முடியும். 1992இல் மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவித்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் தெருவில் விளக்கு மெல்ல அணைந்தது. எங்கள் தொழிலில் ரிலீஸ் நாளுக்குக் கேக் வெட்டுவார்கள். மெயின்டனன்ஸுக்கு யாரும் கேக் வெட்டி நான் பார்த்ததில்லை. அதே கதைதான்.

என் வாசிப்பு இதுதான்: எழுத்தும் சரி, துணிச்சலும் சரி, அந்த ராத்திரிக் கூட்டத்தில்தான் பிறந்தன. சைக்கிளை ஓட்டக் கால் போதும். முதல்நாள் ஊர்ப் பார்வையைத் தாண்டி ஓட்ட நாலு பேர் கூட வேண்டும். குறுகிய பயன், பரந்த பயன் என்று நாம் பிரித்துப் பேசும் இரண்டுக்கும் ஒரே தூண். அந்தத் தூணை எந்தத் திட்டமும் எண்ணுவதில்லை.

இப்போதைய திட்டத்தைப் பாருங்கள். புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம், 2022 முதல் 2027 வரை. இலக்கு 5 கோடிப் பேர். ஒதுக்கீடு 1,037.90 கோடி ரூபாய். மொத்தத்தையும் அவர்களுக்கே செலவழித்தாலும் ஐந்து வருஷத்துக்குத் தலைக்கு 208 ரூபாய் வராது. கற்பிப்பவர்கள் சம்பளமில்லாத தன்னார்வலர்கள். வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றுக்கும் 50 வீதம் 150 மதிப்பெண்ணுக்குத் தேர்வு. 95 சதவீதம் தொட்டுவிட்டால் ‘முழு எழுத்தறிவு’ என்று கொள்ளலாம். 2024இல் லடாக் அப்படி அறிவிக்கப்பட்டது. திட்டத்தில் வாழ்க்கைத் திறன், தொழில் திறன், தொடர் கல்வி எல்லாம் இருக்கிறது, காகிதத்தில் குறை சொல்ல முடியாது. ‘வாழ்நாள் கற்றல்’ என்பதையும் உள்ளே வைத்து ‘உல்லாஸ்’ என்று பெயரும் கொடுத்துவிட்டார்கள். வாழ்நாளுக்கு முடிவுத் தேதி 2027 என்பதுதான் இடிக்கிறது.

தேர்வு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தேறியவரிடம் இரண்டு வருஷம் கழித்துப் போய், கடைசியாக என்ன படித்தீர்கள் என்று கேட்க ஓர் ஆள் வேண்டும் என்கிறேன். சாயங்காலம் திறந்திருக்கிற ஓர் இடமும், அதைத் திறக்கச் சம்பளத்துக்கு ஒருவரும் வேண்டும் என்கிறேன். இடத்தைப் புதிதாகக் கட்டக்கூட வேண்டாம். 2006இல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகம் கட்டினார்கள். எங்கள் ஊரிலும் இருக்கிறது. பெரும்பாலும் பூட்டுத்தான் தொங்கும். அம்மா தினமும் அதைத் தாண்டித்தான் சைக்கிளில் கடைக்குப் போகிறாள்.

“திறந்திருந்தா போவியாம்மா?” என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தாள். “நாலு பேரு வந்தா போவேன். ஒத்தையில போயி என்ன பண்றது?”